பின் வாங்கில் தெரியவில்லையா? வகுப்பறை ஸ்லைட்டுகளின் கோளாறும் திருத்தும் வழியும்

ஐசிடி பாடநூலில் "படவில்லை" என்ற சொல் இருக்கும், எங்கள் வாயில் ஸ்லைட் என்றுதான் வரும். புரொஜெக்டருக்கும் இந்தப் பக்கத்தில் மல்டிமீடியா என்றுதான் பெயர். நான் மட்டக்களப்புப் படுவான்கரையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பக்கத்துப் பாடசாலை ஆசிரியர்கள் பென் டிரைவோடு வந்து, "சேர், இதக் கொஞ்சம் பாருங்க, பிள்ளைகளுக்கு ஏறுதில்ல" என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அவர்களுக்கு ஒவ்வொருவராகச் சொன்னதைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். எல்லாவற்றையும் வாசிக்கத் தேவையில்லை, உங்கள் வகுப்பில் எது நடக்கிறதோ நேரே அந்த இடத்துக்குப் போங்கள். ஒன்றை மட்டும் முதலே சொல்லிவிடுகிறேன். என்னிடம் வந்த கோளாறுகளில் பாதிக்கு மேல் ஒரே காரணம்தான்: ஸ்லைட்டைச் செய்தவர் ஒன்றரை அடி தூரத்தில் இருந்து செய்கிறார், பார்க்கிறவன் 25 அடி தூரத்தில் கடைசி வாங்கில் இருக்கிறான்.

"சேர், தெரியுதில்ல"

இப்படி வாய்விட்டுச் சொல்கிற பிள்ளை இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். பெரும்பாலும் சொல்லமாட்டார்கள், முன்னால் இருப்பவனின் கொப்பியை எட்டிப் பார்ப்பார்கள். அதுதான் அறிகுறி.

வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. வகுப்பில் விழும் படத்தின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள், 5 அடி என்று வைப்போம். படத்திலிருந்து கடைசி வாங்கு 25 அடி என்றால் தூரம் அகலத்தைப் போல 5 மடங்கு. இப்போது உங்கள் லப்டொப். 15.6 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 13 ½ அங்குலம். அதைப் போல 5 மடங்கு என்றால் ஐந்தரை அடிக்குச் சற்று மேல். லப்டொப்பை மேசையில் வைத்துவிட்டு அவ்வளவு தூரம் பின்னால் போய் நின்று வாசியுங்கள். அங்கே நின்று உங்களால் வாசிக்க முடியாததைக் கடைசி வாங்குப் பிள்ளையும் வாசிக்கப் போவதில்லை. நாலு அடி தள்ளுவதற்குள் கண்ணைச் சுருக்க ஆரம்பித்த ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன், அதில் நானும் ஒருவன்.

சரி, எவ்வளவு பெரிதாக்குவது? பவர்பொயிண்டின் அகல ஸ்லைட் 7.5 அங்குல உயரம், அதாவது 540 புள்ளி (எழுத்தின் அளவைச் சொல்லும் பொயிண்ட்). அதை 5 அடி அகலத்தில் விழுத்தினால் உயரம் கிட்டத்தட்ட 34 அங்குலம். கணக்குப் பார்த்தால் 18 புள்ளி எழுத்து, மேல் சுழி கீழ்ச் சுழியெல்லாம் சேர்த்து, சுவரில் ஒரு அங்குலம் சொச்சம்தான் வரும். ஆங்கிலத்துக்கு ஒருவேளை அது போதும், தமிழுக்குப் போதாது. வியும் வீயும் பிரிவது ஒரு சின்னச் சுழியில். கலவும் கல்லும் பிரிவது ஒரு புள்ளியில். தூரத்தில் முதலில் தொலைவது அந்தப் புள்ளிதான். ண, ன இரண்டையும் கேட்கவே வேண்டாம். தமிழுக்கு 32 புள்ளிக்குக் கீழே நான் போவதில்லை, படத்தின் மேல் ஒட்டும் பெயருக்கு மட்டும் 28 வரை விட்டுக்கொடுப்பேன். மெல்லிய எழுத்துருவும் வேண்டாம், கொஞ்சம் தடித்ததாக எடுங்கள். வரி இடைவெளியை 1.2 அளவுக்குக் கூட்டினால் மேல்வரியின் கூவும் கீழ்வரியின் கீயும் ஒன்றோடொன்று மோதாது.

"32 தானே போட்டேன், எப்படி 20 ஆனது?" என்று கேட்பவர்களும் உண்டு. நீங்கள் வரிகளைச் சேர்க்கச் சேர்க்க பவர்பொயிண்ட் சத்தமில்லாமல் எழுத்தைச் சுருக்கிக்கொண்டே வரும். அந்தப் பெட்டியின் கீழ் மூலையில் ஒரு சின்னக் குறி தோன்றும், அதை அழுத்தி ஸ்டொப் ஃபிட்டிங் என்பதைத் தெரிவு செய்யுங்கள். எழுத்து பெட்டியைத் தாண்டி வழியும். வழியட்டும், வழிவதெல்லாம் அடுத்த ஸ்லைட்டுக்குப் போகவேண்டிய பகுதிதான்.

ஒரு ஸ்லைட்டில் 7 வரி, வரிக்கு 7 சொல் என்று ஒரு விதியைப் பயிற்சிப் பட்டறைகளில் சொல்வார்கள். அதற்கு ஆதாரமாக ஜோர்ஜ் மில்லர் என்ற உளவியலாளரின் 1956ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சிலர் காட்டுவதுண்டு. அவர் எழுதியது ஒருவர் மனதில் ஒரே நேரத்தில் எத்தனை உருப்படியைப் பிடித்துவைக்கலாம் என்பது போன்ற விடயங்களைப் பற்றி. ஸ்லைட்டில் எத்தனை வரி போடலாம் என்று அவர் சொல்லவேயில்லை. 49 தமிழ்ச் சொல்லை ஒரு ஸ்லைட்டில் போட்டுப் பாருங்கள், அது ஸ்லைட் மாதிரி இருக்காது, மரண அறிவித்தல் மாதிரி இருக்கும்.

எழுத்து குப்பையாக வருகிறது

வீட்டில் தமிழ், பாடசாலைக் கொம்பியூட்டரில் குப்பை. என்ன மாதிரியான குப்பை என்று முதலில் பாருங்கள், மருந்து அதைப் பொறுத்தது.

ஆங்கில எழுத்துகளும் அவற்றுக்கு நடுவே தூவிவிட்டது போல அரைப்புள்ளிகளும் தெரிந்தால் அது பாமினி. பாமினி, தமிழைத் தமிழாகவே பதிந்துவைக்கும் யூனிகோடு முறை எழுத்துரு இல்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ் உருவத்தைப் போர்த்திவிட்டிருக்கிறார்கள். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அதில் அரைப்புள்ளி விசை, அதனால்தான் இத்தனை அரைப்புள்ளி. அந்தக் கொம்பியூட்டரில் பாமினி இல்லாவிட்டால் போர்வை கழன்று உள்ளே இருப்பது தெரிந்துவிடும். எழுத்துருவை லதா என்ற யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றினால் சரியாகும் என்று நினைத்துப் பலர் மாற்றிப் பார்ப்பார்கள். ஆகாது, ஆங்கில எழுத்து ஆங்கில எழுத்தாகவேதான் நிற்கும். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பந்தியை வெட்டி அங்கே ஒட்டி, மாற்றியதை எடுத்துவந்து ஸ்லைட்டில் போட்டு, அதன் பிறகு எழுத்துருவைத் தெரிவு செய்யுங்கள். மாற்றியதும் ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது, இடையில் இருந்த ஆங்கிலச் சொல்லையும் சூத்திரங்களையும் அது சேர்த்துத் தமிழாக்கி வைத்திருக்கும்.

"எனக்குப் பாமினித் தட்டச்சுத்தான் கைவந்தது, இந்த வயதில் மாறமாட்டேன்" என்பவர்கள் மாறத் தேவையில்லை. என்எச்எம் ரைட்டர் போன்ற தட்டச்சு மென்பொருள்களில் பாமினி விசை அமைப்பிலேயே யூனிகோடு அடிக்கலாம். விரல் பழையபடி ஓடும், கோப்பு எங்கே போனாலும் தமிழாகவே இருக்கும்.

எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் கட்டமாக வந்தால் அது வேறு வருத்தம்: யூனிகோடுதான், ஆனால் அந்தக் கொம்பியூட்டரில் தமிழ் எழுத்துரு இல்லை. விண்டோஸ் 8இலிருந்து நிர்மலா யூஐ என்ற எழுத்துரு கூடவே வருகிறது, அதில் சிங்களமும் இருப்பதால் அம்பாறைப் பக்கம் இரு மொழியிலும் ஸ்லைட் செய்பவர்களுக்கு இரட்டை வசதி. வேறு அழகான எழுத்துரு பாவித்திருந்தால் கோப்பைச் சேமிக்கும் அமைப்புக்குள் போய் எம்பெட் ஃபொன்ட்ஸ் என்பதற்குச் சரி போடுங்கள். அதையும் நம்பாதவர்கள் கூடவே ஒரு பிடிஎஃப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அசைவுகள் போய்விடும், எழுத்து போகாது.

இதில் நானே பட்டிருக்கிறேன். ஒரு பயிற்சிக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள், 40 ஆசிரியர்கள், தலைப்பு "தமிழில் ஸ்லைட் தயாரித்தல்". முதல் ஸ்லைட்டே அரைப்புள்ளி மழை. பழைய கோப்பிலிருந்து தலைப்பை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தேன், அது பாமினியில் இருந்தது மறந்துபோயிற்று.

படம் வெளிறிப் போகிறது

புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. நீங்கள் கறுப்பு என்று போட்ட இடத்தில் அது வெளிச்சம் போடாமல் விடுகிறது, அவ்வளவுதான். ஆகவே உங்கள் கறுப்பு என்பது உங்கள் வகுப்புச் சுவரின் நிறம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் ஜன்னலைச் சாத்தினால் பிள்ளைகள் வெந்துபோவார்கள், திறந்தால் ஸ்லைட் வெளிறிப்போகும். அரைச்சுவர் வகுப்பு என்றால் சாத்துவதற்கே ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட இடத்தில் கடும்நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து எடுபடாது. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, அதற்கு மேல் அலங்காரம் வேண்டாம். திரைக்குப் பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்துங்கள், பின்னால் உள்ளவை திறந்தே கிடக்கட்டும். அப்போதும் போதாவிட்டால் புரொஜெக்டரைச் சுவருக்குக் கிட்ட நகர்த்துங்கள், படத்தின் அகலம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு. படம் சிறுத்தால் எழுத்தும் சிறுக்கும், அதனால் மேலே சொன்ன தூரக் கணக்கைத் திரும்பப் போடவேண்டி வரும்.

கடற்கரைப் பக்கப் பாடசாலைகளில் மணலும் உப்புக்காற்றும் சேர்ந்து புரொஜெக்டரின் காற்று வடிகட்டியை அடைத்துவிடும், சூடேறி இடைநடுவில் அணைந்துபோவதற்கு அதுவும் ஒரு காரணம். பக்கவாட்டு மூடியைக் கழற்றித் தூசு தட்டிப் பாருங்கள்.

படம் முழுவதும் மஞ்சளாக அடிக்கிறதா? நீங்கள் தெரிவு செய்த நிறத்தில் பிழை இல்லை. பழைய நீலத் தலை விஜிஏ கேபிளில் நீலம் போகிற ஊசி வளைந்திருக்கும் அல்லது தளர்ந்திருக்கும். சிவப்பு ஊசி போனால் படம் பச்சை கலந்த நீலமாகும், பச்சை ஊசி போனால் கத்தரிப்பூ நிறமாகும். கழற்றி நேராக்கி இறுக்குங்கள்.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. சரியான விடை பச்சை, பிழை சிவப்பு என்று நிறத்தால் மட்டும் பிரிக்காதீர்கள். ஆண் பிள்ளைகளில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, அவர்களுக்கே அது தெரிந்திருக்காது. பக்கத்தில் ஒரு சரி, ஒரு புள்ளடி போட்டால் முடிந்தது.

எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், கேட்கிறார்கள் இல்லை

இதுதான் பெரிய வருத்தம். இதற்கு எந்த மெனுவிலும் மருந்து இல்லை.

ஸ்லைட் விழுந்த உடனே தலை குனியும், பேனா ஓடும். நீங்கள் விளக்கிக்கொண்டிருப்பீர்கள், ஒருவரும் நிமிரமாட்டார்கள். பின்னால் இருந்து "சேர், மாத்தாதீங்க" என்று ஒரு குரல் வரும், 40 நிமிடப் பாடத்தில் 25 நிமிடம் அப்படியே போய்விடும். பிள்ளைகள்மேல் பிழை இல்லை. நாங்கள்தான் சின்ன வயதிலிருந்து சுவரில் எழுத்து வந்தால் கொப்பியில் இறக்கு என்று பழக்கியிருக்கிறோம்.

வாசிப்பதும் கேட்பதும் ஒரே நேரத்தில் ஓடாது. ஜான் ஸ்வெல்லர் என்ற கல்வி உளவியலாளர் 1988இல் மனச்சுமை (ஒரே நேரத்தில் மனம் தாங்கவேண்டிய வேலை) பற்றி எழுதியதிலிருந்து இது நன்றாக ஆராயப்பட்ட விடயம். ரிச்சர்ட் மேயர் என்ற இன்னொரு உளவியலாளர் தன் சோதனைகளில் கண்டது இன்னும் நேரடியானது: படத்தைக் காட்டி வாயால் விளக்கினால் பிள்ளை பிடித்துக்கொள்கிறது, வாயால் சொல்கிற அதே வசனங்களைப் படத்தின் கீழேயும் எழுதிவைத்தால் பிடிப்பது குறைகிறது. இதற்கு விலக்கும் உண்டு. புதிய கலைச்சொல், நீண்ட பெயர், இரண்டாம் மொழியில் நடக்கிற பாடம், இவற்றில் ஓரிரு சொல் திரையில் இருப்பது உதவியாகத்தான் இருக்கும். ஆங்கில மூல வகுப்பு எடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஒரு ஸ்லைட்டை எடுத்துத் திருத்திக் காட்டுகிறேன். பழையதில் தலைப்பு "மாப்பொருள் சோதனை". கீழே எட்டு வரி: செடியை 48 மணித்தியாலம் இருட்டில் வைக்க, பின்பு வெயிலில் வைக்க, இலையைக் கொதிநீரில் இட, அற்ககோலில் இட, கழுவ, அயடீன் விட, நிறத்தை அவதானிக்க, முடிவு எழுத. எல்லாம் சரி, ஒரு பிழையும் இல்லை. பிள்ளையும் எட்டு வரியை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடும். இலையை ஏன் அற்ககோலில் போட்டோம் என்று கேட்டால் முழிக்கும்.

இதை நான் ஐந்து ஸ்லைட்டாக உடைத்தேன். முதலாவதில் முற்றத்துச் செவ்வரத்தை இலை ஒன்றின் படம், ஃபோனில் எடுத்தது, மேலே ஒரே ஒரு கேள்வி: "இந்த இலைக்குள் மாப்பொருள் இருக்கிறதா?" இரண்டாவதில் கொதிநீரில் கிடக்கிற இலை, எழுத்தே இல்லை, கலங்கள் செத்துப்போவதையும் இலை தளர்வதையும் வாயால் சொன்னேன். மூன்றாவதில் நீர்த்தொட்டிக்குள் நிற்கிற சோதனைக்குழாய், உள்ளே அற்ககோல் பச்சையாகிக்கொண்டு வருகிறது. அதன் தலைப்பு ஒரு முழு வசனம்: "அற்ககோல் பச்சையத்தைக் கழற்றிவிடுகிறது". நேரே நெருப்பில் ஏன் வைக்கவில்லை என்று கேட்டதும் ஒரு பிள்ளை "பத்திரும் சேர்" என்றது. அந்த விடை எந்த ஸ்லைட்டிலும் இல்லை. நான்காவதில் வெளிறிப்போய், கழுவி மெதுவாக்கிய இலை, பக்கத்தில் அயடீன் போத்தல். அங்கே நிறுத்திவிட்டு, என்ன நிறம் வரும் என்று கொப்பியில் எழுதச் சொன்னேன். எல்லோரும் எழுதி முடித்த பிறகுதான் ஐந்தாவது வந்தது, கருநீல இலை. எட்டு வரியும் எங்கே போனது? ஒரு தாளில் அடித்து, முக்கியமான இடங்களை வெறுமையாக விட்டு, போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்துவிட்டேன். இருவருக்கு ஒரு தாள் போதும்.

போட்டோக்கொப்பிக்கு வழியில்லாத பாடசாலைகளில் கரும்பலகை இருக்கிறது. படத்தைச் சுவரில் காட்டுங்கள், குறிப்பைக் கரும்பலகையில் எழுதுங்கள். உங்கள் கை எழுதும் வேகமும் அவர்கள் கை எழுதும் வேகமும் ஒன்றுதான், ஸ்லைட் ஒரே அடியில் எட்டு வரியைக் கொட்டுவதைப் போல அது கொட்டாது. நீங்கள் பேசவேண்டிய இடம் வந்ததும் விசைப்பலகையில் பி (B) எழுத்தை அழுத்துங்கள், திரை இருண்டு பிள்ளைகளின் கண் உங்களிடம் வரும். மறுபடி அழுத்தினால் ஸ்லைட் வந்துவிடும். வேலை செய்யாவிட்டால் விசைப்பலகை தமிழில் நிற்கிறதா என்று பாருங்கள்.

"விளங்கிச்சு சேர்" என்று ஒரே குரலில் சொல்கிறார்கள்

அப்படியானால் விளங்கவில்லை. இடையில் ஒரு கேள்வி ஸ்லைட் போடுங்கள், மூன்று விடை, விரலை நெஞ்சோடு வைத்து 1, 2, 3 என்று காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

வரிப்படங்களில் இன்னொரு காரணம் இருக்கலாம். இதயத்தின் படத்தில் அ, ஆ, இ என்று குறித்து, பெயர்களை ஓரத்தில் பட்டியலாகப் போட்டிருப்போம். பிள்ளையின் கண் படத்துக்கும் பட்டியலுக்கும் நடுவே ஓடியே களைத்துவிடும். பெயரை அந்தந்த உறுப்பின் மேலேயே எழுதுங்கள், ஒரு கிளிக்குக்கு ஒரு பெயராக வரட்டும். பரீட்சையில் எழுத்துக் குறியோடுதான் படம் வரும், உண்மைதான், அதற்கு அதே படத்தைப் பெயர்களை எடுத்துவிட்டுக் கடைசி ஸ்லைட்டாக வையுங்கள்.

மற்றச் சில்லறை வருத்தங்கள்

ஆட்கள் கட்டையாக, உருண்டையாகத் தெரிந்தால் படத்தின் பக்கப்பிடியில் இழுத்திருக்கிறீர்கள், மூலையில் இழுங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால் அது பிழையே இல்லை. பவர்பொயிண்ட் 2013இலிருந்து 16க்கு 9 என்ற அகல வடிவில்தான் புதுக்கோப்பைத் திறக்கிறது, பழைய புரொஜெக்டர்கள் 4க்கு 3. டிசைன் மெனுவில் ஸ்லைட் சைஸை மாற்றிக்கொள்ளலாம். செய்து முடித்த பிறகு மாற்றினால் எல்லாம் இடம் மாறும், முதலே மாற்றுங்கள்.

கோப்பு திறக்கவே இரண்டு நிமிடம் எடுத்தால் ஃபோன் படங்கள்தான் காரணம். 12 மெகாபிக்சல் படம் ஒன்றில் 4000க்கு 3000 புள்ளிகள்; பழைய புரொஜெக்டர் காட்டுவதோ 1024க்கு 768. பதினைந்து பங்கில் ஒரு பங்குதான் சுவருக்குப் போகிறது. கொம்ப்ரெஸ் பிக்சர்ஸ் என்பதை ஒருமுறை அழுத்துங்கள்.

வீடியோ ஓடாவிட்டால், அது கோப்புக்குள் இருக்கிறதா அல்லது வீட்டுக் கொம்பியூட்டரில் கிடக்கிற வீடியோவுக்கு இணைப்பு மட்டும்தானா என்று பாருங்கள். 2010க்கு முந்திய பவர்பொயிண்ட் இணைப்பை மட்டும்தான் வைக்கும். உள்ளே இருந்தும் சத்தம் மட்டும் கேட்டுப் படம் வராவிட்டால், ஃபோன் எச்265 என்ற வீடியோ வடிவில் பதிந்திருக்கும், எச்264க்கு மாற்றுங்கள். யூடியூப் காட்டுவதாக இருந்தால் முதல் நாளே இறக்கிவைத்துவிடுங்கள், பாடம் தொடங்கும்போது சிக்னலைத் தேடி ஜன்னலோரம் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்கமுடியாது.

உங்கள் சொந்த விடயம் சுவரில் விழுகிறதா? விண்டோஸ் விசையோடு பி (P) அழுத்தி எக்ஸ்டெண்ட் தெரிவு செய்தால் உங்களுக்கு ஒரு திரை, பிள்ளைகளுக்கு ஒரு திரை. வட்ஸ்அப்பையும் மூடிவிடுங்கள். ஒளித்தொகுப்பின் சமன்பாட்டுக்கு மேலே "வரக்குள்ள மீன் வாங்கிட்டு வாங்க" என்று வீட்டிலிருந்து வந்த செய்தி விழுந்ததைத் தரம் 10 பிள்ளைகள் இன்றைக்கும் மறக்கவில்லை. சமன்பாடு எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது.

கரண்ட் போய்விட்டது

2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள், அப்போது கற்ற பழக்கம் இது: பாடத்தின் முக்கிய படம் ஒன்றைத் தாளில் பெரிதாக எடுத்துக் கோப்புக்குள் வைத்திருப்பேன். கரண்ட் போனால் அதைக் கரும்பலகையில் ஒட்டிவிட்டுப் பாடம் தொடரும். வந்ததும் பாய்ந்துபோய்ப் புரொஜெக்டரைப் போடாதீர்கள். லாம்பு உள்ள பழைய வகைகளுக்கு விசிறி நின்றதால் சூடு உள்ளேயே இருக்கும், சில நிமிடம் ஆறவிட்டுப் போடுங்கள், லாம்பு வாங்கிக் கட்டாது. எங்கே விட்டீர்கள் என்று தேடி ஒவ்வொரு ஸ்லைட்டாகத் தட்டவும் வேண்டாம், எஃப்5 அழுத்தி, இலக்கத்தை அடித்து என்டர் தட்டினால் நேரே அந்த ஸ்லைட். அந்த இலக்கம் நினைவில் இருக்காது என்பதால் நான் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைப்பேன்.